தரையில் ஆறு மணித்தியாலம், வானில் நாலரை

இரவு பத்து மணிக்கு மேல் கந்தப்பளை டவுனில் ஒரு வேன் வந்து நின்று, பெரிய பயணப்பை ஒன்று அதில் ஏற்றப்பட்டால், யாரோ வெளிநாட்டுக்குப் புறப்படுகிறார்கள் என்று சொல்லாமலே தெரிந்துவிடும். குளிர் எலும்பைக் குத்தும் நேரம். தோட்டத்து லயத்திலிருந்து கூடவே நடந்து வந்த சொந்தங்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். அப்படி ஓர் இரவில், துபாய்க்கு வேலைக்குப் போகும் மகளை வழியனுப்ப வந்த தாய் ஒருவர் வேன்காரத் தம்பியிடம் கேட்டார்:

"எவ்வளவு தூரம் தம்பி அது?"

"பிளேன்ல ஏறினா நாலரை மணித்தியாலந்தாம்மா."

"கட்டுநாயக்காவுக்கு?"

"மழை, பனி பாத்துப் போனா ஆறு மணித்தியாலம் புடிக்கும்."

அவர் சற்று யோசித்தார். "அப்போ கட்டுநாயக்காவ விட துபாய் கிட்டத்துலதான் இருக்கு" என்றார்.

தன்னைத்தானே தேற்றிக்கொள்ளச் சொன்ன வார்த்தையாக இருக்கலாம். ஆனால் அது என்னை விடவில்லை. அதில் பிழை எங்கே இருக்கிறது என்று தேடப் போனவன், பூமியின் வளைவையும் மேல் வானத்துக் காற்றையும் நாடுகளின் சண்டைகளையும் நம் மலைப்பாதையையும் ஒன்றாகப் படிக்க வேண்டியதாயிற்று. தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுகிறோம்; ஆனால் அனுபவிப்பது மணித்தியாலத்தில். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கணக்கு, பள்ளியில் படித்த 'தூரத்தை வேகத்தால் வகு' என்பதோடு முடிவதில்லை.

மலை கேட்கும் விலை

முதலில் தரை. கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேர்கோடு இழுத்தால் 105 கிலோமீட்டர் அளவுதான் வரும். வீதியில் அதே தூரம் 170 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மிச்சமுள்ள அறுபத்தைந்தும் மலை வசூலிக்கும் வரி. செங்குத்தாக இறங்கினால் வாகனம் நிற்காது. ஏறினால் இயந்திரம் தாங்காது. ஆகவே நுவரெலியா தாண்டி, இறம்பொடையில் வளைந்து வளைந்து இறங்கி, கம்பளை, பேராதனை, கேகாலை என்று சமவெளியைத் தொடும்வரை வீதி தன்னை நீட்டிக்கொண்டே போகிறது. சரிவைக் குறைக்க வேண்டுமானால் நீளத்தைக் கூட்டத்தான் வேண்டும். மலைநாட்டு வீதி முழுவதும் இந்த ஒரே விதியால் வரையப்பட்டது.

இந்த வரியை முன்பு ஒரு கோச்சியும் கட்டியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903இலும், அங்கிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு 1904இலும் குறுகிய தண்டவாளத்தில் ரயில் வந்தது. தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்புவதே அதன் முதல் வேலை. லொறிகளும் பஸ்களும் வந்த பிறகு 1940களில் அது மூடப்பட்டது. கந்தப்பளைத் தேயிலை லண்டனுக்குப் போகும் வழியில் முதல் சில மணித்தியாலங்களை அந்தச் சின்னக் கோச்சியில்தான் கழித்தது.

இனி வானம். கட்டுநாயக்கவிலிருந்து துபாய்க்கு ஏறத்தாழ 3,290 கிலோமீட்டர். நாலரை மணித்தியாலத்தில் அதைக் கடந்தால், சராசரி மணிக்கு 730 கிலோமீட்டர். வேனின் சராசரியோ முப்பதுக்கும் குறைவு. ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேறுபாடு.

மெலிந்த காற்றில் ஓடுவது ஏன்?

விமானத்துக்கு இந்த வேகம் எங்கிருந்து கிடைக்கிறது? உயரத்திலிருந்து. காற்று மெலிந்தால் தடுக்கும் விசையும் குறையும். இது மலைநாட்டவருக்கு அந்நியமான செய்தியல்ல. கடற்கரையில் ஒரு பெட்டிக்குள் அடங்கும் காற்றோடு ஒப்பிட்டால், கந்தப்பளையில் அதே பெட்டிக்குள் ஆறில் ஐந்து பங்குதான் இருக்கும். பயணிகள் விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் அது பத்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடுகிறது. அங்கே குறைந்த எரிபொருளில் வேகமாகப் போகலாம்.

அப்படியானால் இன்னும் வேகமாகப் போகக் கூடாதா? அங்கே ஒலி குறுக்கே நிற்கிறது. அந்த உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகை செல்சியஸ் அளவு. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர். விமானம் ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க, முன்னால் உள்ள காற்று விலகிக்கொள்ள நேரமில்லாமல் அமுங்கி அதிர்வலையாகிறது; தடை கிடுகிடுவென ஏறுகிறது. அதனால் பெரிய பயணிகள் விமானங்கள் ஒலியின் வேகத்தில் 80, 85 விழுக்காட்டோடு, அதாவது மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டரோடு நின்றுகொள்கின்றன. 1952 ஆகஸ்டில் பிஓஏசி நிறுவனத்தின் கோமெட் ஜெட் விமானம் லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே சேவையைத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த போயிங் 707இன் வேகத்துக்கும் இன்றைய விமானங்களின் வேகத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. ஒலியை மிஞ்சிப் பறந்த கொன்கோர்ட் 1976 முதல் 2003 வரை பயணிகளைச் சுமந்தது. எரிபொருள் செலவும் இரைச்சலும் அதைத் தரையிறக்கிவிட்டன.

திருச்சிக்கு ஒரு மணித்தியாலம்

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி 420 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் இருபத்தெட்டு நிமிடம்தான் வர வேண்டும். விமான நிறுவனத்தின் நேர அட்டவணையோ ஒரு மணித்தியாலம் என்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, தன் முறைக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது, காற்று வீசும் திசைக்கு ஏற்ப ஓடுபாதையைச் சுற்றி வருவது எல்லாம் அந்த அட்டவணைக்குள் அடங்கும். இந்தச் செலவு குறுகிய பயணத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பயணம் குறுகக் குறுக சராசரி வேகமும் விழுகிறது. திருச்சி விமானம் முழு உயரத்தில் நிதானித்துப் பறப்பது கொஞ்ச நேரம்தான். ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்கிவிடும்.

ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலத்தை இலேசாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கந்தப்பளைக்கும் திருச்சிக்கும் நேர்கோட்டில் 480 கிலோமீட்டர் அளவு. நம் முன்னோர் 1820களிலிருந்து இதே தூரத்தைக் காலால் அளந்தார்கள். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்த நடையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீட்டர், பதினாறு நாட்கள். வழியில் உணவும் தண்ணீரும் மருந்தும் கிடைத்த நிலையிலேயே இத்தனை நாட்கள். அதே தூரத்தை விமானம் பதினேழு நிமிடத்தில் கடந்துவிடும்.

இடையில் இன்னொரு அளவுகோலும் இருந்தது. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. இரு கரையிலும் ரயில் காத்திருந்தது. மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்ட நாட்களைக் கழித்துவிட்டால், வாரக்கணக்கு நாள்கணக்கானது. நம்மவரில் பலரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தான பிறகு அதே பாதை எதிர்த்திசையில் நிறைந்தது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து பிரிந்துபோனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு நம் மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. கிலோமீட்டர் மாறவே இல்லை. வாரம், நாள், மணித்தியாலம் என்று அதே தூரம் இரண்டு முறை சுருங்கியிருக்கிறது.

நூல் காட்டும் வழி

இனி நீண்ட பயணத்துக்கு வருவோம். கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு எவ்வழியாகப் போக வேண்டும்? சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தால், அது அரபிக்கடலைக் கடந்து, கட்டார், சவூதி அரேபியா வழியாக சைப்பிரஸ் தீவின் பக்கமாக ஏறி லண்டனைத் தொடும். அதுதான் குறுகிய வழி என்று கண் சொல்லும். கண் சொல்வது சரியல்ல.

பள்ளிக்கூடத்து அலமாரியிலுள்ள பூகோள உருண்டையை எடுத்து, கொழும்பில் ஒரு விரலும் லண்டனில் ஒரு விரலும் வைத்து, நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வேறு வழியாகப் போகும். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது வட துருவப் பக்கத்து நிலமெல்லாம் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாகிவிடுகிறது. அதனால் படத்தில் நேராகத் தெரியும் கோடு உருண்டையில் நேர்கோடாக இருப்பதில்லை. பூமியின் நடுப்புள்ளி வழியாக வெட்டினால் கிடைக்கும் பெருவட்டத்தின் துண்டே இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி. இறுக்கிய நூல் அந்தப் பெருவட்டத்தில்தான் போய் உட்காரும்.

அந்த நூலின் வழியை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். கட்டுநாயக்கவிலிருந்து வடமேற்கே கிளம்பி, மன்னார் வளைகுடாவைத் தாண்டி, தூத்துக்குடிக்கு வடக்கே தமிழ்நாட்டுக் கரையைத் தொடுகிறது. பிறகு தேனிப் பக்கமாக மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, மங்களூருக்கு அருகே அரபிக்கடலுக்குள் இறங்குகிறது. மறுபடி பாகிஸ்தானின் மக்ரான் கரையில் நிலம் தட்டி, ஈரானைக் குறுக்காகக் கடக்கிறது. பயணத்தின் சரிபாதி தெஹ்ரான் நகரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அப்புறம் கருங்கடல், கிரிமியாவின் முனை, உக்ரைன், நடு ஐரோப்பா, லண்டன். மொத்தம் ஏறத்தாழ 8,710 கிலோமீட்டர். அடிமட்டக் கோட்டில் போனால் 8,940. வேறுபாடு 230 கிலோமீட்டர். கால் மணித்தியாலம் மிச்சம்.

லண்டன் உதாரணத்தில் இலாபம் சிறிது. டொரொன்டோவை எடுத்தால் திகைப்பே வரும். படத்தில் டொரொன்டோ நமக்கு நேர் மேற்கே, கொஞ்சம் மேலே தள்ளித் தெரிகிறது. நூலோ கொழும்பிலிருந்து ஏறக்குறைய வடக்கு நோக்கிக் கிளம்பி, 72 பாகை வட அகலாங்கு வரை, ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே ஏறி, வட அமெரிக்காவில் தெற்கே இறங்குகிறது. நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். பூமியில் எந்த ஊருக்கும் அதிகபட்சத் தூரம் 20,000 கிலோமீட்டர்தான். அதைத் தாண்டினால் மறுபக்கமாகத் திரும்பி வரத் தொடங்கிவிடுவோம். கந்தப்பளைக்கு நேர் மறுபக்கம் தென்னமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக் கடலின் நடுவில் இருக்கிறது. அங்கே ஊரும் இல்லை, ஓடுபாதையும் இல்லை.

வானத்திலும் வேலி

நூல் காட்டுகிற வழியில் விமானம் அப்படியே போய்விட முடியாது. 2014 ஜூலை 17இல் மலேசிய விமானம் எம்எச்17 கிழக்கு உக்ரைன் வானில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். 2022 பிப்ரவரி 24இல் போர் விரிந்த நாளிலிருந்து உக்ரைனின் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. ஈரான் பக்கம் பதற்றம் மூளும்போது அந்த வானத்தையும் விலகிப் போகிறார்கள். ஆக, நமது நூல் தொடும் இடங்களிலேயே வேலிகள் விழுந்திருக்கின்றன. துருக்கி வழியாகவோ வளைகுடா வழியாகவோ சுற்ற வேண்டும்.

சில நூறு கிலோமீட்டர் சுற்றென்பது கேட்கச் சிறியதாக இருக்கும். ஒரு பெரிய இரட்டை இயந்திர விமானம் மணித்தியாலத்துக்கு ஐந்து, ஆறு தொன் எரிபொருளைக் குடிக்கிறது. இருபது நிமிடம் கூடினால் இரண்டு தொன். அந்தச் செலவு டிக்கெட் விலைக்குள் வந்து உட்காரும். எங்கோ நடக்கும் போருக்கு இங்கிருந்து பறக்கிறவரும் கூலி கொடுக்கிறார்.

போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம்

கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்குப் போகும் விமானம் ஏறத்தாழ பதினொரு மணித்தியாலம் எடுக்கிறது. வரும்போது அதைவிடக் குறைவு. பாதை அதேதான், விமானமும் அதேதான். வேறுபாட்டைக் கொண்டுவருவது காற்று.

நடுத்தர அகலாங்குகளில், ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஆறு போலக் காற்று ஓடுகிறது. மணிக்கு நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் முந்நூறையும் தாண்டும். ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓய்ஷி 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். ஆனால் அவர் தமது முடிவுகளை 1926இல் எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டதால் உலகம் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜப்பானுக்கு மேலே உயரப் பறந்த அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகே அதன் வலிமை பலருக்கும் புரிந்தது. இதைத் தாரைக்காற்று என்கிறோம்.

இது ஏன் கிழக்கு நோக்கி ஓடுகிறது என்பதற்கு விடை, நம் பிள்ளைகள் வகுப்பில் கேட்கும் இன்னொரு கேள்விக்குள் இருக்கிறது. "பூமி சுற்றுகிறதே, வானத்தில் ஒரே இடத்தில் நின்றால் லண்டன் தானாக நமக்குக் கீழே வந்துவிடாதா?" வராது. ஓடும் பஸ்ஸுக்குள் குதித்தால் அதே இடத்தில்தான் விழுகிறோம்; பஸ்ஸின் வேகம் நம் உடம்பிலும் இருக்கிறது. நம் அகலாங்கில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. அதன் மேலுள்ள காற்றும் விமானமும் சேர்ந்தே சுழல்கின்றன. லண்டன் அகலாங்கில் வட்டம் சிறியது என்பதால் அந்த வேகம் 1,040தான். இப்போது நமது சூடான காற்று மேலே எழுந்து வடக்கே நகர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சுழலும் நிலத்தின் மேல் அது தன் பழைய வேகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது; ஆகவே நிலத்தை முந்திக் கிழக்கே பாய்கிறது. வெப்பமான நடுக்கோட்டுக்கும் குளிர்ந்த துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு அந்த ஓட்டத்துக்குத் தீனி போடுகிறது.

கணக்கு எளிது. காற்றே இல்லாவிட்டால் மணிக்கு 900 என்று 8,710 கிலோமீட்டரைக் கடக்க ஒன்பது மணித்தியாலம் நாற்பது நிமிடம். மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால் பத்து மணித்தியாலம் இருபத்திரண்டு நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஒன்பது மணித்தியாலம் நாலு நிமிடம். போவதில் நாற்பத்திரண்டு நிமிடம் நட்டம். வருவதில் முப்பத்தாறு நிமிடம்தான் இலாபம். இரண்டும் சமமாகிவிடுவதில்லை. லயத்திலிருந்து மலைமேட்டுப் பள்ளிக்கு ஏறி இறங்கும் பிள்ளைக்கு இது தெரியும். ஏறும்போது மணிக்கு மூன்று கிலோமீட்டர், இறங்கும்போது ஐந்து என்றால், மொத்தத்தின் சராசரி நான்கு வராது, அதைவிடக் குறையும். ஏற்றத்தில் அதிக நேரம் கழிக்கிறோம் என்பதே காரணம். எதிர்காற்றும் ஓர் ஏற்றம்தான்.

நம் வானத்தில் இன்னொரு வியப்பும் உண்டு. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து மலைநாட்டின் மேல் மோதுகிறது. கந்தப்பளையில் மரங்கள் கிழக்கே சாயும். அதே நேரத்தில், நம் தலைக்கு மேலே பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே தாரைக்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. இதை 1958இல் விளக்கி எழுதியவர், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைவரான பி. கோட்டேஸ்வரம். அந்த மாதங்களில் வளைகுடாவுக்குப் போகும் விமானம் தன் பயணத்தின் முதற்பகுதியில் அந்த ஓட்டத்தின் கீழ் விளிம்பிலிருந்து சற்று உதவி பெறலாம். கீழே எதிர்த்து வீசும் காற்று, மேலே தள்ளி விடுகிறது.

கொக்கலையில் இறங்கிய இரட்டை விடியல்

காற்றும் தூரமும் மனிதரை எவ்வளவு சோதிக்கும் என்பதற்கு இலங்கை மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான விமான வழி அறுந்தது. அதை இணைக்க 1943 நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம், பேர்த் நகரத்து நதியிலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவிக்குக் கட்டலினா என்னும் கடல் விமானங்களை ஓட்டத் தொடங்கியது. இந்து சமுத்திரத்தின் மேல் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்குவதில்லை.

எரிபொருளே பெரும் பாரமாக இருந்ததால் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும் மட்டுமே ஏற்ற முடிந்தது. எதிரி கேட்டுவிடக் கூடாதென்று வானொலி ஊமையாக்கப்பட்டது. வழிகாட்டி சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்தே திசை பார்த்தார். பயணம் இருபத்தேழு முதல் முப்பத்திரண்டு மணித்தியாலம் வரை நீண்டது. மிக நீண்டது 32 மணித்தியாலம் 9 நிமிடம். ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டவர்களுக்கு 'இரட்டை விடியலின் இரகசியக் குழு' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 ஜூலையில் சேவை முடியும்வரை 271 தடவை அந்தக் கடலைக் கடந்தார்கள்.

ஒரே தூரத்துக்கு ஏன் ஐந்தாறு மணித்தியால ஏற்ற இறக்கம்? கட்டலினாவின் சராசரி வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவுதான். நாற்பது கிலோமீட்டர் எதிர்காற்று அதன் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இன்றைய ஜெட் விமானத்துக்கு அதே காற்று இருபதில் ஒரு பங்கைக்கூட எடுப்பதில்லை. மெதுவாகப் போகிறவரைத்தான் காற்று அதிகம் அலைக்கழிக்கும்.

கடிகாரம் சொல்லும் பொய்

வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் டிக்கெட்டைப் பார்த்துப் பெற்றோர் குழம்புவது இன்னொரு காரணத்தால். கட்டுநாயக்கவில் பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டு, பதினொரு மணித்தியாலம் பறந்து, குளிர்கால லண்டனில் இறங்கினால், அங்கே மாலை ஆறரை. டிக்கெட்டில் ஐந்தரை மணித்தியாலம்தான் தெரியும். திரும்பும்போது லண்டனில் இரவு எட்டரைக்கு ஏறி, பத்தேகால் மணித்தியாலம் பறந்தால், இங்கே மறுநாள் பகல் பன்னிரண்டேகால். கிட்டத்தட்ட பதினாறு மணித்தியாலம் போலத் தெரியும். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையிலுள்ள ஐந்தரை மணித்தியால வேறுபாடு போகும்போது கழிகிறது, வரும்போது கூடுகிறது. கோடையில் லண்டன் தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் வேறுபாடு நாலரை ஆகிவிடும். நம் நாடும் 1996இல் கடிகாரத்தை முன்னே நகர்த்தி, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளில் வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீட்டில் இந்தக் குழப்பம் இரட்டிப்பு.

மேற்கே பறக்கும்போது பொழுது சாய மறுப்பதற்கும் இதுவே காரணம். லண்டன் அகலாங்கில் சூரிய வெளிச்சம் நிலத்தின் மேல் மணிக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில்தான் மேற்கே நகர்கிறது. விமானம் 900இல் அதைத் துரத்துகிறது. சன்னலோரப் பயணிக்கு அந்தி மணிக்கணக்கில் நீளும். திரும்பி வரும்போது இரவு கண் மூடித் திறப்பதற்குள் விடிந்துவிடும்.

கூடவே போகும் மலை

அந்தத் தாயின் கணக்குக்கு வருகிறேன். அவர் சொன்னது சரி. பூமியின் வளைவைக் கணித்து, ஒலியின் எல்லைவரை போய், காற்றாறுகளில் நீந்தக் கற்றுக்கொண்ட பிறகு, மனிதன் 3,290 கிலோமீட்டரை நாலரை மணித்தியாலமாகச் சுருக்கிவிட்டான். கந்தப்பளையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் 170 கிலோமீட்டர் மட்டும் அந்தச் சுருக்கத்துக்கு வெளியே நிற்கிறது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் நீளும். விமானத்தில் போகிறவருக்கு அது ஓர் அலுப்பு. பிரசவ வலியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு உயிர்ப் பிரச்சினை. மலையக வீதிகளைப் பற்றிப் பேசும்போது கிலோமீட்டரை விட்டுவிட்டு மணித்தியாலத்தில் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். கொழுந்தும் மரக்கறியும் பிள்ளைகளும் போகிற பாதை அது.

இன்னொன்றையும் அவரிடம் சொல்ல நினைத்தேன். 11 கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றில் மனிதர் உயிர் வாழ முடியாது. ஆகவே விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் கடற்கரை அளவுக்கு நிரப்பினால் உள்ளழுத்தம் கூடி விமானத்தின் உடல் அதிகம் புடைக்கும். தாங்குவதற்குக் கனமாகக் கட்ட வேண்டும். ஆகவே ஒரு மலையூரின் காற்றழுத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விதிப்படி அது 2,400 மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தத்துக்குக் கீழே போகக் கூடாது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் 1,800 மீட்டர் அளவிலேயே வைக்கிறார்கள். கந்தப்பளை 1,900.

அந்த மகள் இரவெல்லாம் வளைந்து வளைந்து கடல் மட்டத்துக்கு இறங்கினாள். விமானம் கிளம்பி அரை மணித்தியாலத்துக்குள் அவளுடைய நெஞ்சுக்குள் போன காற்று மறுபடி அவள் ஊரின் அழுத்தத்துக்கு வந்திருக்கும். விமானத்துக்குள் தண்ணீர் நூறு பாகையில் கொதிப்பதில்லை. தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கில் கொதித்துவிடும். லயத்து அடுப்பில் அவளுடைய அம்மா விடியற்காலையில் தேத்தண்ணிக்கு வைக்கும் தண்ணீரும் அதே சூட்டில்தான் கொதிக்கிறது.